நியூட்ரலில் இறங்கியவர்கள்

வாழவந்தியில் எங்கள் ஊட்டுக்குக் கரண்டு வந்த வருடம், ஐப்பசி பதினெட்டு. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி பூங்கொடி எழுதுகிறாள்.

தபாலில் வந்த இயற்பியல் பாடத்தை அவள் இன்று உரக்கப் படித்தாள். மேட்டில் நிற்கும் பாரத்துக்குள் சக்தி இருக்கிறதாம். இறங்கும்போது அதுதான் வேகமாக மாறுமாம். பாரம் இரண்டு மடங்கானால் சக்தியும் இரண்டு மடங்காம்.

"அப்போ லாரியை நியூட்ரல்ல உருட்டுனா, கண்ணு?"

"இஞ்சின் இழுத்துப் பிடிக்காதுங்க அப்பாரு. அம்புட்டையும் பிரேக்கே தாங்கோணும். நொம்பச் சூடேறுனா பிரேக்கும் பிடிக்காதுங்க."

டீசல் மிச்சமாகும் என்று மலையிறக்கத்தில் நியூட்ரல் போட என் மகன் மாணிக்கத்துக்குப் பழக்கியவன் நான்தான். விடிந்தால் அவன் எஸ்டேட் காபி மூட்டைகளோடு சேலத்துக்கு இறங்குகிறான். சாப்பிடும்போது, "கியர்லயே இறங்கு சாமி" என்றேன். அவன் சிரித்தான்.

"ஏனுங்கப்பா, நீங்க முப்பது வருசம் அப்படித்தானுங்களே ஓட்டுனீங்க? உங்களுக்கு என்ன ஆச்சுங்க?"

அவன் தூங்கப் போய்விட்டான்.

அந்தக் காலத்தில் நாலு டிரைவர்கள் அப்படி இறங்கினோம். சின்னான் ஒன்பதாவது வளைவில் போனான். அடுத்த மழைக்காலத்தில் ராமசாமி போனான். வீரன் லாரியிலிருந்து குதித்தும் பிழைக்கவில்லை. மூன்று சாவையும் விதி என்றே சொல்லிவந்தேன். மகனை எழுப்பி இதைச் சொல்லியாக வேண்டும். நாலு பேரில் உயிரோடு இருப்பது கருப்பணனாகிய நான் ஒருத்தன்தான்.