‘வீடு’ என்ற நம்பர்

தமிழ்மொழி அப்பாவுக்கு,

குழம்பும் சோறும் அடுப்பு மேடையில் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்புங்கள். சாவியை எதிர்வீட்டு ஜெயசுதா அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். நானும் பிள்ளை தமிழ்மொழியும் உடையார்பாளையத்துக்கு, எங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறோம்.

மேஜை மேல் இருக்கும் சின்னப் பையைச் சென்னைக்கு எடுத்துப் போங்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். டார்ச், பவர் பேங்க், விசில், குளுக்கோஸ், சர்க்கரை மாத்திரை, கவருக்குள் ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் இருக்கிறது. மறுபடி வெள்ளம் வந்தால் உதவும்.

போன வெள்ளத்தில் சென்னையில் சுகர் இறங்கி நீங்கள் ரோட்டில் மயங்கிக் கிடந்தீர்கள். தூக்கியவர்கள் உங்கள் போனில் என் நம்பர் ‘வீடு’ என்றிருந்ததைப் பார்த்து வீட்டு ஓனர் என்று நினைத்துவிட்டார்கள். உங்கள் அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். அவர் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் தலையில் கட்டோடு வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“என் பேரைப் போட்டு, பக்கத்துல பொண்டாட்டின்னு போடுங்க” என்று எத்தனை தடவை கேட்டேன். “வூடுன்னா நீதானடி” என்று சிரித்தீர்கள். நேற்றும் அதே சிரிப்பு.

அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பரைச் சீட்டில் எழுதிப் பைக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணன் நம்பர் மட்டும்தான்.

பூங்குழலி

விசிலை ஊதிப் பார்த்தேன். தெருமுனை வரைக்கும் கேட்கிறது.

குளுக்கோஸை மறக்காமல் மாற்றுங்கள், மழையில் கட்டியாகிவிடும்.

போனில் அந்த ‘வீடு’ நம்பரை அழித்துவிடுங்கள். வேறு பேரும் போட வேண்டாம்.