எதிர்க் கம்பெனிக்காரருக்கு

என் வீட்டுக்காரரும் எதிர்க் கம்பெனிக்காரருமான உங்களுக்கு,

நெய்வேலிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தது பொய். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

சிப்புக்குள் ஓடும் செம்புக் கம்பியை உங்கள் கம்பெனி இன்னும் மெலிதாக்கிவிட்டதாம், எங்கேயும் அறுந்துபோகாமல். செய்தியில் உங்கள் படம் வேறு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நானும் எங்கள் கம்பெனியில் அதே கம்பியோடுதான் மல்லுக்கட்டுகிறேன். வேலை விஷயத்தை வீட்டில் பேச மாட்டோம் என்று இரண்டு பேரும் அவரவர் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், சரி. அதற்காக அந்தச் செய்தி வந்த அன்றைக்குக் காலையில், "சட்னி போதுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனீர்களே!

இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா பயந்துபோய், "ஏன்டி, மாப்பிள்ளைக்கு வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். உங்களிடம் தோற்றுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேசாமல் இருந்தேன். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "லீவு போட்டுட்டு நேர்லயே போயி கேட்டுகினு வரேன்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவார். நடந்ததை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தக் கம்பி எப்படி அறுபடாமல் நின்றது என்பதை மட்டும் என்னிடம் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். அதை நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

இன்னும் வயிறு எரிந்துகொண்டிருக்கும்,
உங்கள் மனைவி