எங்கே பிறந்தாய் என்று கேட்டால்

பிரவுன்ஸ்வில், டெக்சாஸ்
பிப்ரவரி 6, 2011

தம்பி எவரிஸ்தோவுக்கு,

மரண தண்டனைக் கைதியிடம் சுகமா என்று கேட்பது கேலி போல ஆகிவிடும். அதனால் கேட்கவில்லை. இத்தனை வருடம் நான் எழுதாததற்கும் காரணம் தேடாதே. பத்திரிகையில் உன் படம் வந்த அன்று என் மாணவர்கள் கரும்பலகையில் உன் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். அதை நானே அழித்துவிட்டுத்தான் பாடம் நடத்தினேன்.

உன் வக்கீல் பிரிஸ்கா நேற்று வீட்டுக்கு வந்தாள். "சார், உங்க தம்பி மெக்சிகோவுல, மத்தமோரோஸ்லதானே பொறந்தாரு? அதை நீங்க கோர்ட்ல வந்து சொல்லணும்" என்றாள். சமையலறையில் உன் அண்ணி இர்மா தக்காளி நறுக்கும் சத்தம் நின்றுபோனது.

வெளிநாட்டவரைக் கைது செய்தால், 'உன் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லட்டுமா' என்று கேட்டாக வேண்டும். அமெரிக்கா கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. அப்படிக் கேட்கப்படாத மெக்சிகோக்காரர்களின் வழக்குகளை மறுபடி பார்க்கச் சொல்லி உலக நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. உன்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால், எங்கே பிறந்தாய் என்று போலீஸ் கேட்டபோது, 'இங்கேதான், பிரவுன்ஸ்வில்' என்று நீயே சொன்னாயாம். அதைத்தான் அரசு வழக்கறிஞர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வேறென்ன சொல்லியிருப்பாய்? எல்லைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அம்மா நம் தொடையைக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது அதுதானே. "எங்கடா பொறந்தேன்னு கேட்டா, இங்கதான்னு சொல்லு. முழிக்காதே." நதிக்கு அந்தக் கரையில் பிறந்த நம் இருவரையும் இந்தக் கரையில் பிறந்ததாக எழுதிக்கொடுத்தவள் ஒரே மருத்துவச்சி. அவளும் இல்லை, அம்மாவும் இல்லை. நீ பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. கதவுக்கு வெளியே நின்று உன் முதல் அழுகையைக் கேட்டவன் நான். இன்று உயிரோடு இருக்கும் சாட்சி நான் ஒருவன்தான்.

கூண்டில் ஏறினால் முதல் கேள்வி உன்னைப் பற்றி இருக்கும். இரண்டாவது கேள்வி என்னைப் பற்றி. என் வேலை, ஓய்வூதியம், வாக்குச்சீட்டு எல்லாமே அம்மாவின் அந்தக் கிள்ளலின் மேல் நிற்கின்றன. தபால்காரர் கதவைத் தட்டினாலும் இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

என்ன செய்யட்டும், நீயே சொல்.

அன்செல்மோ

*

சிறையிலிருந்து
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

'வேண்டாம் அண்ணா, உன் குடும்பத்தைப் பார்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அவ்வளவு நல்ல மனசு எனக்கு இல்லை.

பக்கத்து அறையில் இருந்தவனைப் போன வாரம் கூட்டிப்போனார்கள். போகும்போது, "டேய் வாரோ, என் ரேடியோவை நீ வச்சுக்க. பேட்டரி மட்டும் மாத்திக்க" என்றான். ரேடியோ என்னிடம்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்கக் கை வரவில்லை. நேற்று ஒரு அதிகாரி வந்து, என் உடலை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டார். மதியச் சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

கொலையான அந்தக் கடைக்காரரை நான் சுடவில்லை. வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். முதல் வக்கீல் எனக்காக ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடவில்லை. தூதரகத்துக்குத் தெரிந்திருந்தால் நல்ல வக்கீலை வைத்திருப்பார்களாம். மெக்சிகோ என்று சொன்னால் நாடு கடத்திவிடுவார்கள் என்று பயந்துதான் அன்று பொய் சொன்னேன். கடத்தியிருந்தால் இன்று மத்தமோரோஸில் எவன் டயருக்காவது காற்றடித்துக்கொண்டிருப்பேன். பிழைப்புக்கு அது போதாதா?

வந்து சொல்லு அண்ணா. பயமாக இருக்கிறது.

உன் வாரோ

*

பிரவுன்ஸ்வில்
மார்ச் 13

தம்பி,

இந்த வாரம் பதினோராம் வகுப்புக்கு அரசியல் சாசனம் நடத்தினேன். உடன்படிக்கைகள் நாட்டின் உச்ச சட்டம், ஒவ்வொரு மாநில நீதிபதியும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர் என்பது அதிலேயே இருக்கிறது. வருடா வருடம் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைப்பேன். இந்த முறை ஒரு பெண் எழுந்தாள். "கட்டுப்பட மாட்டேன்னு சொன்னா யாரு சார் கேக்கறது?" வகுப்பே சிரித்தது. அவள் கேட்டது சரிதான். நாட்டின் உச்ச நீதிமன்றமே, உலக நீதிமன்றத்தின் தீர்ப்பு தானாக மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, வாஷிங்டன் தனியாகச் சட்டம் போட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கான மசோதா தூங்குகிறது. நான் வந்து சொன்னாலும் பலன் இல்லாமல் போகலாம். பிரிஸ்காவும் அதை மறைக்கவில்லை.

இர்மா கேட்டாள்: "உங்க தம்பி உசுரு போகக் கூடாது, சரி. நம்ம வீடு போகலாமா? அவரு ஒரு தடவையாவது உங்களுக்குன்னு எதையாவது விட்டுக்கொடுத்திருக்காரா?"

இல்லை. நான் பட்டம் வாங்கிய அன்று நீ மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாய். அம்மா உன்னோடு மருத்துவமனைக்குப் போனாள். மேடையிலிருந்து நான் பார்த்தது ஒரு காலி நாற்காலியை. முப்பது வருடமாகிறது, இன்னும் ஆறவில்லை.

சாட்சி சொல்ல வருகிறேன். பாசம் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வராமல் விட்டால், தான் செத்த பிறகும் அம்மா உன் பக்கம்தான் நிற்பாள். அதை என்னால் பொறுக்க முடியாது.

அன்செல்மோ

*

சிறையிலிருந்து
மே 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

கூண்டில் நீ ஏறி நின்றாய். 'இவன் அழுததை நான் கேட்டேன்' என்று சொன்னாய். "அப்ப நீங்க எங்க சார் பொறந்தீங்க?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டபோது நீ தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "அதே வீட்டுல" என்றாய்.

தீர்ப்பு வந்துவிட்டது. நீதிபதி உன்னை நம்பிவிட்டார் அண்ணா. நான் மெக்சிகோவில் பிறந்தவன் என்பது உண்மை, என்னிடம் கேட்காதது உடன்படிக்கையை மீறியது என்பதும் உண்மை என்கிறார். ஆனால் அதற்குப் பரிகாரம் தரும்படி இந்த மாநில நீதிமன்றத்தை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லையாம். பொய் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆகஸ்டில் நாள் குறித்துவிட்டார்கள்.

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பிரிஸ்காவும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். உனக்கு என்ன ஆயிற்று?

வாரோ

*

மத்தமோரோஸ்
ஜூன் 19

தம்பி எவரிஸ்தோவுக்கு,

உன் கடிதங்களை இர்மா மொத்தமாகக் கொண்டுவந்தாள். முகவரியைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும்.

பள்ளி வாசலில் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு குடியேற்ற அதிகாரிகள் வந்தார்கள். இளையவனுக்கு என் பழைய மாணவர்களின் வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் படித்தான். "சார், நீங்க மெக்சிகோ குடிமகன். உங்களைக் காவல்ல வைக்கிறோம்னு உங்க தூதரகத்துக்குச் சொல்லணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. மாரடைப்போ என்று பயந்து தண்ணீர் கொடுத்தான். ஒரே மூச்சில் முடிந்துவிடுகிற கேள்வி, தம்பி. சொல்லுங்கள் என்றேன். மறுநாள் காலையில் தூதரகத்திலிருந்து ஒரு பெண் வக்கீலோடு வந்து நின்றாள். உன்னிடம் கேட்காமல் விட்டதை என்னிடம் சுத்தமாகச் செய்து முடித்து, பாலத்தின் இந்தப் பக்கம் விட்டுவிட்டார்கள்.

இனி நான் உன்னைப் பார்க்க வர முடியாது. பிறந்து வளர்ந்தது அங்கேதான் என்பதால் இர்மாவுக்குத் தடை இல்லை. ஆகஸ்டில் அவள் வருவாள். உன் மேல் கோபமாக இருக்கிறாள், பொறுத்துக்கொள். பிரிஸ்கா இன்னும் மனு போடுகிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்கு இருந்தால் வைத்துக்கொள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயம் வரும்போதெல்லாம் எழுது. பழையதையெல்லாம் கிளறித் திட்டித்தான் பதில் போடுவேன். ஆனால் பதில் போடாமல் இருக்க மாட்டேன்.

உன் அண்ணன்,
அன்செல்மோ