மூச்சு வாங்காத ஒரே ஆள்

இன்று விடியும்போது ஏரியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. ரயில் பாதையைத் தாண்டி, ஈரக் காற்றில் அரைகுறையாக வந்தது. "ரெடி ஆல்... ரோ!" கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடி, "லாஸ்ட் டென், லாஸ்ட் டென்!" யாரோ ஒரு கல்லூரிப் பெண் தன் படகை விரட்டிக்கொண்டிருந்தாள். உன் குரல் இல்லை என்று தெரியும். தெரிந்தும், தரையில் படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உன் குரலுக்குப் பழகிய கால்கள். அவற்றிடம் யார் போய்ச் சொல்வது?

சாயங்காலம் ஹவுராவில் சென்னை ரயில். பையைக் கட்டி வைத்திருக்கிறேன். ஏறுவதா வேண்டாமா என்பதில் நேற்றுவரை இந்த வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. நீ இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய். முடிவு எடுப்பது உன் வேலை.

அதை நீயே சொல்லியிருக்கிறாய். கொல்கத்தா லேக் கார்டன்ஸில், இந்த ஊரிலேயே ஊறிப்போன தமிழ்க் குடும்பமான உங்கள் வீட்டு மாடியறைக்கு நான் குடிவந்த புதிது. திருச்சியிலிருந்து வந்தவன், செக்டர் ஃபைவில் சர்க்யூட் சோதிக்கிற வேலை, வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஜால்முரிப் பொரி கொறித்துக்கொண்டிருந்தேன். நீண்ட ஒல்லிப் படகில் நான்கு பெண்கள் துடுப்புப் போட, கடைசியில் ஒரு குட்டிப் பெண் சும்மா உட்கார்ந்து அத்தனை பேரையும் திட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் மகள் என்று அப்புறம்தான் புரிந்தது.

"நீங்க மட்டும் ஏன் துடுப்புப் போடலை?" என்று மாடிப்படியில் கேட்டேன்.

"நான் காக்ஸ். சுக்கான் பிடிக்கணும், கத்தணும்."

"கத்துறது ஒரு வேலையா?"

"மொஷாய், துடுப்புப் போடறவங்க போற திசைக்கு முதுகைக் காட்டி உக்காந்திருப்பாங்க. எங்க போறோம்னே தெரியாது அவங்களுக்கு. முன்னால பாக்குற ஒரே ஆள் நான். மூச்சு வாங்காத ஒரே ஆளும் நான்தான். மூச்சு வாங்குறவங்க முடிவு எடுத்தா படகு கரையில முட்டும்."

ஐயா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அந்த வங்காளச் சொல்லைக் கடைசிவரை நீ கேலிக்குத்தான் வைத்திருந்தாய்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள், ராணுவத்தில் தொழில்நுட்ப அதிகாரியாகச் சேர எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை என்றேன். நீ சிரிக்கவில்லை. மறுநாள் காலை என் பழைய கேன்வாஸ் ஷூவை வாசலில் வைத்துவிட்டு, உன் சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாய். நான் ஏரியை ஒரு சுற்று முடிக்கவில்லை; பாதியிலேயே புல்லில் குப்புற விழுந்தேன். பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றாய்.

"என்னால ஆகாது. ஆபீஸ் உடம்பு இது. விட்டுடலாம்."

"மூச்சு வாங்குதா?"

"பாத்தா தெரியலையா?"

"அப்ப இது நீ பேசலை, உன் நுரையீரல் பேசுது. அதுக்கு ஓட்டுரிமை இல்லை. எழுந்திரு."

அதுதான் நம் சட்டம். மூச்சு வாங்கும்போது முடிவு எடுக்கக் கூடாது. நான் ஓடுவேன், நீ பின்னால் சைக்கிளில் வருவாய், தளர்ந்தால் மணியடிப்பாய். காலையில் நடக்க வரும் கிழவர்கள் உனக்குக் கட்சி சேர்ந்துவிட்டார்கள். "பௌமா, ஆரோ ஜோரே!" என்று, மருமகளே என அழைத்து, மணியை இன்னும் பலமாக அடிக்கச் சொல்லி உன்னை உசுப்புவார்கள். குளிர்காலம் போய்த் தார்ச்சாலை உருகுகிற வெயில் வந்தபோது நான் மூன்று சுற்று ஓடினேன். உடம்பு தயாரானது அந்த வெயிலில். மனசு தயாரானது உன் மணியில்.

தேர்வானபின் சென்னை ராணுவ அகாடமிக்கு என்னை ரயிலேற்றும்போது அத்தை அழுதார், மாமா புத்தி சொன்னார். நீ மட்டும் என் பையைத் திறந்து காலுறைகளை எண்ணினாய். "கால் போச்சுன்னா எல்லாம் போச்சு. நனைஞ்ச காலுறையோட தூங்காதே. தாகம் எடுக்கறதுக்கு முன்னாலயே தண்ணி குடி. தூங்கச் சொன்னா உடனே தூங்கு." ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி பேசுகிறாள் என்று எதிர் இருக்கைக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். நான் அப்போது வெறும் டிக்கெட் வைத்திருந்த எஞ்சினியர்.

அங்கே எல்லாம் நீ சொன்னபடிதான் இருந்தது, பத்து மடங்கு. முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கி, பாதத்தில் கொப்புளம், எப்போதும் அரைத் தூக்கம். பயிற்சியாளரை அங்கே உஸ்தாத் என்பார்கள். எங்கள் உஸ்தாத் ஒரு ஹரியானாக்காரர். நீண்ட நடையில் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "க்யா, மந்திரமா?" என்று கேட்டார். பத்துவரை எண்ணுகிறேன் என்றேன். உன் படகில் நீ எண்ணுவது போல வங்காளத்தில்: ஏக், துய், தின். பத்து முடிந்தால் அடுத்த பத்து. "எண்ணு, எண்ணு. ஆனா காலை இங்கிலீஷ்ல தூக்கு," என்றுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூத்திலிருந்து உனக்கு இதைச் சொன்னபோது போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாய்.

அங்கே எல்லாரும் செய்கிற ஒரு திருட்டு வேலை உண்டு. காலை ஆய்வுக்குக் கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. எனவே ஒருமுறை கச்சிதமாக விரித்துவிட்டு, தினமும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்வோம். கட்டில் பார்வைக்கு, தரை தூக்கத்துக்கு. முதல் பருவம் முடிந்து விடுமுறைக்கு வீடு வந்தபோது, பழக்க தோஷத்தில் நம் கட்டிலையும் அப்படியே இழுத்து விரித்துவிட்டுக் கீழே படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் நீ இடுப்பில் கை வைத்து நிற்கிறாய்.

"ஏய் மொஷாய்! என்னைப் பிடிக்கலைன்னா வாயால சொல்லு. இதென்ன தரையில?"

சொன்னேன். நீ கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, உஸ்தாத் மாதிரி குனிந்து விளிம்புகளைப் பார்த்தாய். பிறகு செருப்புக் காலோடு அதில் ஏறி இரண்டு குதி குதித்தாய். "இது வீடு. இங்க இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. எழுதிக்கோ, ஃபெயில்!" விரிப்பு ஒரு மூலையில் கிழிந்தது. அத்தை கீழேயிருந்து, "என்னடி சத்தம்?" என்று கேட்க, நீ தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாய்.

கடைசியாக உன்னோடு பேசியது இரண்டாம் பருவத்தில், பெரிய முகாமுக்கு முந்தைய ஞாயிறு. இங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. போனில் அந்தச் சத்தம் கேட்டது. உன் குரல் கம்மியிருந்தது. கேட்டதற்கு, "நனைஞ்சுட்டேன், லேசா காய்ச்சல்," என்றாய். நான் என் புலம்பலில் இருந்தேன். முழங்கால் வீங்கியிருந்தது. முகாமை முடிக்க முடியும் என்று தோன்றவில்லை.

"நிஜமாவே முடியலை. எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"மூச்சு வாங்குதா?"

"ம்."

"அப்ப முடிவு என்னோடது. முடிச்சிட்டு வா. வரும்போது நல்ல காபிப்பொடி வாங்கிட்டு வா. இங்க கிடைக்கிறதுல வாசனையே இல்லை."

பின்னால் காத்திருந்தவன் கண்ணாடிக் கதவைத் தட்டினான். வைத்துவிட்டேன்.

முகாமில், சேற்றில் படுத்திருந்த என்னைத் தேடி ஜீப் வந்தது. நான் ஊர் சேர்ந்தபோது, காய்ச்சல் தன் வேலையை முடித்திருந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு சர்க்யூட்டில் மீட்டரை வைத்துப் பார்ப்பேனே, மின்சாரம் இருந்தால் முள் நகர வேண்டும். எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன். உன் புடவையில், உன் சீப்பில், துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த சைக்கிள் மணியில். முள் அசையவில்லை. உடம்பு மட்டும் நேரத்துக்கு எழுந்தது, சவரம் செய்தது, சாப்பிட்டது. அகாடமி கற்றுக்கொடுத்ததில் அது ஒன்று: மனசு வராவிட்டாலும் உடம்பு அணிவகுப்புக்கு வந்துவிடும்.

என்னோடு பயின்றவர்கள் தோளில் நட்சத்திரம் ஏறி வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அகாடமியிலிருந்து எனக்கு வந்த கடிதம் சொன்னது இதுதான்: அடுத்த அணியோடு சேர்ந்து இரண்டாம் பருவத்தை மறுபடி செய்யலாம், விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மறுபடி அதே மூட்டை, அதே நடை, அதே முகாம். நினைத்தாலே எலும்பில் அலுப்பு ஏறியது.

இரண்டு மாதமாக நம் அறையில் தரையில்தான் படுக்கிறேன். கட்டில் நீ கடைசியாக விரித்தபடியே இருக்கிறது. உறவுக்காரர்கள் அதைத் துக்கம் காக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகும் நான் தரையில் கிடப்பதைப் பார்த்து அத்தைக்குத் தாங்கவில்லை. நேற்று மத்தியானம் கதவருகில் வந்து நின்றார்.

"மாப்ளே, போதும்ப்பா. அவளுக்காக எவ்வளவு நாள் தரையில கிடப்பீங்க?"

எனக்கே தெரியவில்லை. அது துக்கமா, அகாடமிப் பழக்கமா? "அத்தை, இது அங்கத்துப் பழக்கம்," என்றேன். கட்டிலைக் கலைக்காமல் தரையில் படுப்பதையும், அவர் மகள் செருப்போடு ஏறிக் குதித்ததையும் சொன்னேன். அத்தை முதலில் விழித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அன்னைக்கு அந்தச் சத்தம் அதுதானா? கடன்காரி, விரிப்பை எலி கடிச்சிடுச்சுன்னு சொன்னாளே எங்கிட்ட!"

அப்போதுதான் எனக்குள் முள் அசைந்தது. கொஞ்சம்தான். மூச்சு எங்கோ முட்டிக்கொண்டு நின்றது. ஏரியைச் சுற்றி வந்து விழுந்தவன் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன். அத்தை முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சத்தம் கேட்டு மாமா வந்துவிட்டார். கட்டிவைத்த பையைப் பார்த்தார். "போக வேணாம்ப்பா. மறுபடி எதுக்கு அந்த அடி? பழைய ஆபீஸ்ல நானே வந்து பேசுறேன். எங்க கூடவே இரு."

அவர் குரல் உடைந்திருந்தது. நான் போனால் இந்த வீட்டில் காலையில் எழுந்து நடக்கிற சத்தம்கூட இருக்காது. நம் தெருவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறார்கள். நீ இல்லாத முதல் பூஜை. இருந்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அவ இருந்தா என்ன சொல்லியிருப்பாளோ," என்றார் அத்தை.

"அவதான் சொல்லிட்டாளே அத்தை," என்றேன். "முடிச்சிட்டு வான்னு."

மாமா குனிந்தார். என் பையின் வாரை இழுத்து, சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். "பூஜை லீவு வந்தா நாங்க அங்க வரலாமா? கேட்டுச் சொல்லு," என்றார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரயிலுக்குப் புளிச்சோறு கட்டித் தரேன். கெட்டுப்போகாது," என்று கீழே போனார்.

இதை எழுதும்போது வெயில் ஏறிவிட்டது. ஏரியில் அந்தப் பெண்ணின் குரல் ஓய்ந்துவிட்டது. படகைக் கரையேற்றித் துடைத்துக்கொண்டிருப்பாள். நான் உன் பக்கத்து விரிப்பின் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சுருக்கம் விழுந்திருக்கிறது. அதை இழுத்துவிடப் போவதில்லை. இது வீடு.

துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்காதே. நான் எதையும் முடிவு செய்யவில்லை. போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறேன். தெரிவதெல்லாம் நாம் கடந்து வந்த தண்ணீர்தான். எனக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. அது அடங்கும்வரை உன் கடைசி உத்தரவுதான் செல்லும். ராணுவத்திலும் அப்படித்தான், மாற்றிச் சொல்ல ஆள் வரும்வரை கடைசியாக வந்த உத்தரவு நிற்கும்.

முடித்துவிட்டு வருவேன். காபிப்பொடியும் வாங்கி வருவேன்.