ஏரிமேல் ஒரு மூடி

சாலவாக்கம்,
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை.

பிரியமுள்ள மாமாவுக்கு, ஞானசுந்தரி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அத்தையும் நானும் சுகம். அங்கே டேராடூன் குளிரில் நீங்கள் சுகமாக இருக்க இரண்டு பேரும் தினமும் ஜெபிக்கிறோம்.

நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. பயிற்சி நிலையத்து வார்டனிடம் பேசினேன். மெயிலில் தமிழில் அனுப்பினால் உங்கள் போன் சத்தமாகப் படித்துக் காட்டும் என்றார். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். படிக்கப்போவது போனில் இருக்கிற அந்தப் பெண் குரல். ஆனாலும் திட்டுகிற இடம் வந்தால் என் குரல் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்ச் சேதி. ஏரி நிரம்பியதால் நவரைப் பட்டத்து நெல் நடவு மும்முரமாக நடக்கிறது. அத்தை நடவுக்குப் போகிறார். இடுப்பு வலியோடு எதற்கு என்று கேட்டால், "வூட்ல குந்திக்கினு அயுவறதுக்கு, சேத்துல நின்னா தேவல" என்கிறார். அந்த அழுகை உங்களை நினைத்துத்தான். நான் வழக்கம்போல உத்திரமேரூர் இ-சேவை மையத்துக்குப் போய் வருகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று நாள் முழுக்க டைப் அடிக்கிற வேலை.

இனி திட்டுகிற பகுதி. சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் என்ன சொன்னீர்கள்? "நீ உங்கம்மா வூட்டுக்குப் போய்டு. வேற நல்லபடியா ஒரு வாழ்க்கைய பாத்துக்கோ. என்ன வுட்டுடு." அத்தனை கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் அழுகைதான் வந்திருக்கும். அதனால் பேசவில்லை. இப்போது சொல்கிறேன். முடியாது. காய்ச்சல் வந்து உங்கள் கண் நரம்பைக் கொண்டுபோனது. அது என் கல்யாணத்தையும் சேர்த்துக் கொண்டுபோக நான் சம்மதிக்கவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரைச் சிநேகிதர் மோகன் அண்ணனிடம் கொடுத்துவிடச் சொன்னீர்கள். அதையும் கொடுக்கவில்லை.

கல்யாணமான புதிதில் நீங்கள் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்தது நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான பாறைகள் செய்துகொண்டிருந்தீர்கள். மற்றவர்கள் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு பாறையாக இழுத்து இழுத்துச் செய்வார்கள் என்றும், நீங்கள் மட்டும் கட்டளைகளை வரிவரியாக ஸ்கிரிப்ட்டில் எழுதிவிடுவதாகவும் பெருமையாகச் சொன்னீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள், பக்கவாட்டில் எவ்வளவு, முன்பின் எவ்வளவு, உயரம் எவ்வளவு. பிறகு எந்தெந்தப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு தகடு என்று சொன்னால் போதும், மீன் வலையைத் தூக்கிப் பிடித்த மாதிரி உருவம் எழுந்து நிற்கும். அப்படித்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? அன்றைக்கு நான் உருவத்தை விட்டுவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் விசைப்பலகையைக் குனிந்து பார்க்காமலே அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

போன மாதம் மையத்தில் ஒரு மனுவை டைப் அடிக்கும்போது திடீரென்று அது நினைவுக்கு வந்தது. எழுதுவதற்கு எதற்குக் கண்? உருவம் எண்ணாலும் எழுத்தாலும் உண்டாகிறது என்றால், அதை உண்டாக்கவும் எண்ணும் எழுத்தும் போதும் அல்லவா?

காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி மோகன் அண்ணனின் கடைக்கே போனேன். இப்போது அவர் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்து, கல்லூரிப் பிள்ளைகளுக்கு புராஜெக்ட் சாமான்கள் அச்சடித்துத் தருகிறார். நான் சொன்னதைக் கேட்டதும், "ஸ்கிரீனைப் பாக்காம அவன் சரியா வந்துச்சா இல்லையான்னு எப்டிம்மா தெரிஞ்சுப்பான்?" என்றார். அச்சடித்துக் கொடுங்கள், தொட்டுத் தெரிந்துகொள்வார் என்றேன். உடனே எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

அடுத்தது நீங்கள் கோபப்படப்போகிற சேதி. தேவகி டீச்சர் என்று ஒருவர் இங்கே பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். செவ்வந்தி என்ற பெண்ணுக்குச் சான்றிதழ் வாங்க அவளை அழைத்துக்கொண்டு மையத்துக்கு வந்தார். ஏழாம் வகுப்பு. பிறவியிலேயே பார்வை இல்லை. பாடத்தில் மலை வருகிறது, ஏரி வருகிறது, இவளுக்கு எதைத் தொட்டுக் காட்டுவது என்று டீச்சர் வருத்தப்பட்டார். என் வீட்டுக்காரர் செய்து தருவார் என்று நான் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

உங்கள் பழைய ஸ்கிரிப்ட்டைப் பார்த்து நானே டைப் அடித்தேன். ஒரு மலையும் ஒரு ஏரியும் வந்தன. மோகன் அண்ணன் அச்சடித்துக் கொடுத்தார். கம்ப்யூட்டர் திரையில் ஏரி தண்ணீர் நிறைந்து பளபளவென்று நின்றது, எனக்கே கர்வமாகிவிட்டது. செவ்வந்தி மலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். ஏரியைத் தடவியவள் கையை எடுத்துவிட்டாள். "ஏரின்னு சொன்னீங்க. இது மூடி போட்ட டப்பா மாதிரி கீதுக்கா. ஏரி எங்க?" என்று கேட்டாள்.

ஸ்கிரிப்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் பிழை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. மோகன் அண்ணன் அச்சடிப்பாரே தவிர ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவர். ஆகவே மலை, ஏரி இரண்டையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எனக்காக வேண்டாம். ஒரு குழந்தை ஏரி எங்கே என்று கேட்டிருக்கிறாள். தொட்டுப் பார்த்து அவளுக்காவது பதில் எழுதுங்கள்.

அத்தை உங்களை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னார். கர்த்தர் உங்கள் மனதை இளக்குவாராக.

இப்படிக்கு,
அம்மா வீட்டுக்குப் போகாத உங்கள் மனைவி,
ஞானசுந்தரி.


டேராடூன்,
பிப்ரவரி.

ஞானம்,

எழுத்துகளைச் சொல்லும் குரலைக் கேட்டுக் கேட்டு அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பார்சலைப் பிரிக்கவே கூடாது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். என் அறையில் சுகுமார் என்று சேலத்துக்காரன் ஒருவன் இருக்கிறான். செவ்வந்தியைப் போல அவனும் பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவன். நான் வகுப்புக்குப் போன நேரத்தில் பிரித்துவிட்டான். திரும்பி வந்ததும், இது என்ன, தொப்பியா என்று கேட்டான். மலை என்றேன். இந்த ஊரைச் சுற்றி மலை மலை என்று எல்லோரும் சொல்கிறார்களே, இதைத்தான் சொன்னார்களா என்று கேட்டான். அவன் இங்கே வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அதை என்னிடம் திருப்பித் தரவில்லை.

ஏரி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வந்தி சொன்னது சரி, அது மூடிதான். நீ தண்ணீர் என்று நினைத்ததும் அந்த மூடியைத்தான். ஓரத்தைத் தடவியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு புள்ளியை அதன் பக்கத்துப் புள்ளியோடு சேர்த்துத்தான் தகடு போட வேண்டும். வரிசையின் கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அங்கே நிறுத்தாவிட்டால், எதிர்க்கரையில் இருக்கிற அடுத்த வரிசையின் முதல் புள்ளியோடு போய் ஒட்டிக்கொள்ளும். கரைக்குக் கரை ஒரு பட்டை விழும். வரிசைக்கு ஒன்றாக விழுந்து ஏரி முழுவதும் மூடிவிடும். மலையிலும் அதே பிழை இருக்கிறது. அங்கே அடியில் தரை மாதிரி விழுந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வரிசையின் கடைசிப் புள்ளி வந்தால் தாண்டிப் போ என்று என் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி இருக்கும். அதை நீ எடுத்திருக்கிறாய். திரும்பப் போடு.

இத்தோடு விட்டுவிடு. உருவம் செய்கிற அந்த மென்பொருளின் திரையில் இருப்பதெல்லாம் படம். படம் எதையும் கம்ப்யூட்டரின் குரல் படிக்காது. ஆயிரம் முறை யோசித்துவிட்டேன், உள்ளே போக எனக்கு வழி இல்லை. இங்கே டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் பழக்குகிறார்கள். அதுவே போதும். ஆசை காட்டாதே.

அம்மாவை நடவுக்கு அனுப்பாதே.

ஆல்வின்.

ஏரி சரியாக வந்தால் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று மட்டும் எழுது.


சாலவாக்கம்,
மார்ச், சனிக்கிழமை.

பிரியமுள்ள மாமாவுக்கு ஞானசுந்தரி வணக்கம். உங்கள் கடிதத்தை அத்தைக்கு நான்கு முறை படித்துக் காட்டினேன். நடவுக்கு அனுப்பாதே என்ற இடம் வரும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவன் சொன்னா நா கேட்ருவனா?" என்கிறார். மறுநாளும் போனார். முகம் மட்டும் தெளிந்திருக்கிறது.

அந்த வரியை நான்தான் எடுத்தேன். புரியாத வரி எதற்கு என்று நினைத்துவிட்டேன். திரும்பப் போட்டதும் திரையில் பளபளத்த தண்ணீர் போய், வெறும் பள்ளமாக, அசிங்கமாக நின்றது. நானாக இருந்தால் மறுபடியும் எடுத்திருப்பேன். உங்களை நம்பி அப்படியே அச்சடிக்கச் சொன்னேன்.

புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். செவ்வந்தி முதலில் கரை மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு சுற்றி வந்தாள். பிறகு விரல் உள்ளே சறுக்கியது. சட்டென்று தேவகி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், உள்ள போவுது! ஆயமா போய்க்கினே கீது!" என்று கத்தினாள்.

அவள் வீடு ஏரிக்கரை ஓரத்தில்தான் இருக்கிறது. விழுந்துவிடுவாள் என்று பயந்து, பிறந்ததிலிருந்து அவளை யாரும் ஏரிப்பக்கம் விட்டதே இல்லை. வீடு கழுவினால் தரையில் தண்ணீர் நிற்குமே, ஏரியும் அப்படித்தான் பரந்து கிடக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறாள். அதற்கு ஒரு அடி உண்டு, அது நாம் நிற்கிற தரைக்கும் கீழே போகும் என்பது அவளுக்குத் தெரியாது. "அதான் எங்கம்மா என்ன வுடலயா?" என்று கேட்டாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. திரும்பவும் கரையைச் சுற்றி வந்தவள், "இதுல கலங்கல் எங்க? ரொம்பினா தண்ணி எந்த வயியா போவும்?" என்று கேட்டாள். மழைக்காலத்தில் கலங்கலில் தண்ணீர் வழிந்து விழுகிற சத்தம் அவள் வீட்டுக்குக் கேட்குமாம். சத்தம் மட்டும்தான் தெரியும், அது எப்படி இருக்கும் என்று தெரியாது. யார் இதைச் செய்தது என்று விசாரித்தாள். பிழையைக் கண்டுபிடித்தவருக்கும் பார்வை இல்லை, தொட்டுத்தான் சொன்னார் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "அப்ப கலங்கலும் அவரையே பண்ணச் சொல்லுக்கா. நீ பண்ணா மூடி போட்டுருவ" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவள் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் சொன்னாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. கரையில் ஒரு பக்கம் மட்டும் சில புள்ளிகளின் உயரத்தைக் குறைத்துப் பார்த்தேன். கலங்கல் வரவில்லை, இட்லியை யாரோ கடித்து வைத்த மாதிரி வந்தது. எனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும். எந்தப் புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்று நினைக்கிற மூளை என்னிடம் இல்லை. அது டேராடூனில் டெலிபோன் எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறது.

உள்ளே போக வழியில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் மோகன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வாரமாக யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தவர், நேற்று நம் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த மென்பொருளின் திரையைத் திறக்கவே வேண்டாமாம். ஸ்கிரிப்ட்டைச் சாதாரண நோட்பேடில் எழுதலாம். அதைக் குரல் படிக்கும். பிறகு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் மென்பொருள் திரைக்குப் பின்னாலேயே ஓடி, உருவத்தைக் கோப்பாகச் செய்து வைத்துவிடும். பிழை வந்தால் அதுவும் எழுத்தாகத்தான் வரும், அதையும் குரல் படிக்கும். நம் கம்ப்யூட்டரிலும் அந்தக் குரலைப் போட்டுத் தந்தார். நம்பிக்கை வராமல் நான் மானிட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நோட்பேடில் அடித்தேன், கட்டளை கொடுத்தேன். ஓர் இடத்தில் அடைப்புக்குறியை விட்டிருந்தேன். எந்த வரி என்று குரலே சொன்னது, திருத்தினேன். மானிட்டரைத் திரும்பப் போட்டபோது மலை அங்கே நின்றுகொண்டிருந்தது. நான் பார்க்காமலே செய்த மலை. அத்தை பயந்துபோய் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனவே வழி இல்லை என்று இனி எழுதாதீர்கள். விருப்பம் இல்லை என்றால் அப்படி எழுதுங்கள். ஆனால் விருப்பம் இல்லாதவர் மூடியைப் பற்றி அத்தனை வரி எழுதமாட்டார்.

டெலிபோன் வேலை கிடைத்தாலும் போகலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் தேவகி டீச்சர் சொல்கிறார், இந்த மாவட்டத்தில் செவ்வந்தியைப் போல இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்களாம். அவர்கள் கேட்பதை டீச்சர் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஒருத்திக்குப் புயலின் சுழி வேண்டும். ஒரு பையனுக்குக் காதின் உள்பக்கம் வேண்டும். சுகுமாரிடமும் கேளுங்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று. மலையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

பயிற்சி முடிகிற அன்று உங்களை அழைத்துவர நானே டேராடூன் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. அத்தையும் வருகிறார். ரயிலில் உங்களுக்கும் அவருக்கும் நடுவில்தான் நான் உட்காருவேன், இல்லாவிட்டால் ஊர் வரும்வரை சண்டைதான். வராதே என்று சொல்வதற்காகவாவது போனை எடுத்துப் பேசுங்கள். அப்போதும் வருவேன். உங்கள் குரலைக் கேட்டுவிட்டு வருவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்று வார்டன் சொன்னார். அத்தை கொடுத்த தேங்காய் எண்ணெயும், நான் பின்னிய கையுறையும் தனியாகப் பார்சலில் வருகின்றன. விரல் நுனியில் வெடிப்பு வராமல் தினமும் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சூடான பாத்திரத்தை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அந்த விரல்களை எனக்காகப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். கர்த்தர் அவற்றின்மேல் தம் கையை வைத்துக் காப்பாராக.

என்றும் உங்கள்,
ஞானம்.