ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

என் மஞ்சு அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை வருகிறது. உன்னிடம் கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்.

சுற்றி வளைத்தால் உனக்குக் கோபம் வரும் என்பதால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் நிவேதாவுக்கும் பெருங்குடலில் கட்டி வந்தது. பதறாதே. உனக்குத் தெரிய வந்தபோது அது கல்லீரல் வரை போயிருந்தது, இவளுக்கு அப்படி இல்லை. நீ எதனால் போனாய் என்று தெரிந்ததால், ஒரு தொந்தரவும் இல்லாதபோதே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லி அவளை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "உன் தொல்ல தாங்கல சின்னம்மா" என்று திட்டிக்கொண்டேதான் வந்து படுத்தாள். அன்றுதான் கட்டி கண்ணில் பட்டது.

அக்கா செத்ததால்தான் நான் குடல் புற்றுநோய் டாக்டர் ஆனேன் என்று ஓசூரில் ஒரு கதை உலவுகிறது. ஒரு விழாவில் மைக் பிடித்தே ஒருவர் உருகிப் பேசினார். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது நீ கல்லுக்குண்டு மாதிரி இருந்தாய். "ஒடம்புல இவ்ளோ எடம் இருக்குதே, உனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று சிரித்தது நீதானே? அதற்கு நான் சொன்ன பதில் மறந்துவிட்டது. உன் சிரிப்பு மட்டும் மறக்கவில்லை.

நிவேதாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஸ்கேனில் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் கீமோ கொடுப்பதா, வேண்டாமா என்பதில் எங்களுக்குள் குழப்பம். கொடுத்தே ஆக வேண்டிய கட்டியும் இல்லை, விட்டுவிடலாம் என்று துணிந்து சொல்கிற கட்டியும் இல்லை. மருந்து எழுதுகிற வேலையை என்னோடு இருக்கும் இன்னொரு டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். உன் மகளுக்கு மருந்து எழுத என்னால் முடியவில்லை.

என் பங்குக்கு இருந்தது ரத்தம். கட்டியை எடுத்த பிறகும் உடம்பில் எங்காவது ஒரு துளி ஒளிந்திருந்தால், அது தன் மரபணுத் துணுக்குகளை ரத்தத்தில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். அந்தத் துணுக்குகளைத் தேடுவதுதான் இத்தனை வருடமாக என் ஆராய்ச்சி. ஸ்கேனுக்குத் தெரியாததை ரத்தம் பல வேளைகளில் முன்னாலேயே சொல்லிவிடும். ரத்தத்தில் துணுக்கு இருந்தால் கீமோ, இல்லாவிட்டால் காத்திருந்து பார்ப்பது என்று நிவேதாவும் நாங்களும் பேசி முடிவு செய்தோம்.

ரத்தம் எடுத்த அன்று கர்நாடகத்தில் பந்த். பஸ் எல்லாம் எல்லையில் ஜூஜுவாடியோடு நின்றுவிட்டது. பெங்களூர் பரிசோதனைக்கூடத்து ஆள் வர முடியாது என்று போன் செய்தான். பந்த் எப்போது முடியும் என்று தெரியவில்லை, ரத்தத்தையும் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது. என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது மாமா எழுந்தார்.

"பூ வண்டி போவாத நாளா பாப்பா? எனக்குத் தெரியாத ரோடா? குடு, நான் போயி குடுத்துட்டு வரன்."

உன் வீட்டுக்காரரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? இன்னும் அதே ரோஜாப் பண்ணையில்தான் இருக்கிறார், குளிர் அறைக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. ஜூஜுவாடி வரை வண்டியில் போய், எல்லையை நடந்தே தாண்டி, அத்திப்பள்ளியில் யாரையோ பிடித்துக் கன்னடத்தில் கெஞ்சி, எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். எங்கள் நர்ஸ் அவரிடம் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "வெயில் படாம பாத்துக்குங்கண்ணா."

முடிவு வந்தது. எதுவும் தென்படவில்லை என்று இருந்தது. நான் நிவேதாவைக் கட்டிக்கொண்டு அழுதேன் அக்கா. டாக்டர் அழக் கூடாது என்று யார் சொன்னது? அவள் மறு வாரமே வேலைக்கு வருவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டாள். மாமா தேன்கனிக்கோட்டைப் பக்கம் முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டப் போவதாகச் சொன்னார். வேண்டிக்கொண்டதை எங்கள் யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

அந்த விருந்தில்தான் எனக்கு இடி விழுந்தது. இலையில் சோறு போட்டாகிவிட்டது. எதிர்வரிசையில் மாமா தன் பங்காளிகளிடம் பந்த் அன்று எல்லையைத் தாண்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் வரும் இடத்தில் எழுந்து நின்று நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"நம்ம கொழந்த ரத்தமாச்சே, சும்மா எடுத்துட்டுப் போவனா? பண்ணைக்குப் போயி பூவுக்கு வெக்கிற பொட்டியில, ஐஸுக்கு நடுவுல வெச்சன். ரோஜாவே வாடாம டில்லி போவுது, இது பெங்களூருதான? அங்க போயி ஈரத்தயெல்லாம் நல்லாத் தொடச்சிட்டுத்தான் குடுத்தன்."

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டேன். ரத்தம் பிடித்த அந்தக் குழாய் அறையின் சாதாரணச் சூட்டில் இருக்க வேண்டியது, அக்கா. ஐஸில் வைக்கவே கூடாது. குளிரில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே கொட்டிவிடும். அந்த வெள்ளத்தில் கட்டியின் துணுக்கு இருந்தாலும் அமுங்கிப்போகும். ஈரம் துடைத்துக் கொடுத்ததால் அங்கிருந்தவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. வெயில் படக் கூடாது என்றால் பூக்காரருக்கு ஐஸ் என்றுதானே அர்த்தம்? நர்ஸைக் குறை சொல்வதா, மாமாவைச் சொல்வதா?

எதுவும் தென்படவில்லை என்ற அந்தத் தாளுக்கு இனி அர்த்தமே இல்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இருந்தும் மறைந்திருக்கலாம். கீமோ தொடங்க வேண்டுமானால் அதற்கான காலமும் கரைந்துகொண்டிருந்தது. எதிரே நிவேதா தன் மகளுக்குக் கறியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். உன் பேத்திக்கு உன் மூக்கு, உன் பிடிவாதம்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. வழக்கமான பரிசோதனை என்று சொல்லி இன்னொரு தடவை ரத்தம் எடுத்துவிடலாம். நல்லபடியாக வந்தால் மாமாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. உன்னைப் பறிகொடுத்த மனுஷன், மகளுக்கும் தானே கெடுதல் செய்துவிட்டதாக நினைத்தால் தாங்குவாரா? ஆனால் நிவேதா வெறுமனே உன் மகள் மட்டும் இல்லை. ஒரு தாளை நம்பி கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்தவள். அந்தத் தாள் பொய்யாகிவிட்டது என்றால் அதைத் தெரிந்துகொள்ள அவளுக்குத்தானே முதல் உரிமை? நீ என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

மறுநாள் காலையிலேயே போனேன். வாசலில் நிவேதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். நிவேதா கையில் இருந்த ஈரத் துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

மாமாதான் கேட்டார். "நான் கெடுத்துட்டனா பாப்பா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லிவிட என் வாய் எவ்வளவு துடித்தது தெரியுமா? "ஆமா மாமா. டெஸ்ட்டக் கெடுத்துட்டீங்க. அவளக் கெடுக்கல. ரெண்டும் வேற வேற" என்றேன். அவர் தலையை ஆட்டினார். காதில் விழுந்ததா, மனதில் விழுந்ததா தெரியவில்லை. நிவேதா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தத் தடவை நானே அவளை பெங்களூர் அழைத்துப் போய் அங்கேயே ரத்தம் கொடுக்க வைத்தேன். மாமா முன்சீட்டில் ஏறியதும் ஏசியை அணைத்துவிட்டார். அத்திப்பள்ளி நெரிசலில் கார் அசையவே இல்லை, நல்ல வெயில் வேறு. மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. ஏன் அணைத்தார் என்று கேட்கவும் தயக்கமாக இருந்தது. கடைசியில் பின்னாலிருந்து நிவேதாதான், "ரத்தம் இன்னும் எனக்குள்ளதான் இருக்குதுப்பா, ஏசி போடுங்க" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது. மாமா சிரிக்கவில்லை. ஆனால் ஏசியைப் போட்டார்.

அதன் பிறகு காத்திருந்த நாட்களைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. எத்தனையோ குடும்பங்களை "முடிவு வரட்டும், பொறுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கிறேன்! அந்த நாட்களில் புறநோயாளிகளைப் பார்க்கும்போது ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர், "என்னம்மா, எனக்கு ரொம்ப முத்திப்போச்சா?" என்றே கேட்டுவிட்டார்.

முடிவு வந்தது. ரத்தத்தில் துணுக்கு இருந்தது, அக்கா. மிகச் சிறிய அளவு, ஆனால் இருந்தது.

நிவேதாவிடம் சொன்னபோது மாமாவும் பக்கத்தில்தான் இருந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் அழுவாள், என்மேல் பாய்வாள், அப்பாவை ஏதாவது சொல்லிவிடுவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் அப்பாவின் கையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"ஆபரேஷனுக்கு அப்பறம் நான் நிம்மதியாத் தூங்குனது அந்தக் கொஞ்ச நாளுதாம்பா. உங்க ஐஸு குடுத்த தூக்கம் அது. போதும், எழுந்திருங்க."

இந்தப் பேச்சை இவள் எங்கே கற்றாள்? நீ சொல்லிக்கொடுத்ததா? நான் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கீமோ தொடங்கிவிட்டது. காலம் இன்னும் கடந்துவிடவில்லை, அதுவரை நல்லது. அவளுக்கு ஏற்றும் மருந்தில் ஒன்றுக்குக் குளிர் ஆகாது. ஜில்லென்று எதைத் தொட்டாலும் விரலில் ஷாக் அடித்தது போல இருக்கும், குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்காது. இதைச் சொன்ன நாளிலிருந்து மாமா குளிர் அறையிலிருந்து வந்ததும் நேரே வீட்டுக்குள் நுழைவதில்லை. வாசலில் வெயில் விழும் இடத்தில் உள்ளங்கை இரண்டையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கை சூடேறிய பிறகுதான் உள்ளே வந்து மகளைத் தொடுகிறார்.

அவள் பிழைத்துவிடுவாளா என்று கேட்கிறாய். வேறு யாராவது கேட்டால் நான் வைத்திருக்கும் பதில் உண்டு. உன்னிடம் அது வரமாட்டேன் என்கிறது. வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. இரண்டும் நிஜம்.

அவளைக் காப்பாற்றிவிடுவேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன், என் தொழிலில் அப்படிச் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. இதை மட்டும் செய்கிறேன். மருந்து முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுப்போம். அதில் என்ன வந்தாலும், எவ்வளவு கசந்தாலும், முதலில் அவளிடம் சொல்வேன். பிறகு வாசலுக்குப் போய் மாமாவிடம் சொல்வேன். அப்புறம் உனக்கு எழுதுவேன்.

உன் தங்கையும்
நிவேதாவின் சின்னம்மாவுமான
சுகந்தி