நீ நேர்ந்துவிட்ட சேவல்

இன்று காலை உன் அடுப்படியிலிருந்து கோழி வாட்டும் வாசனை வந்தது. உன் அடுப்படி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த வீட்டில் இப்போது வங்காளதேசத்து ஆட்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். தேயிலை வெட்டும் மெஷின் பிடிப்பவர்கள். நல்ல மனிதர்கள்தான், வாசலைக் கூட்டத்தான் தெரியாது. இன்று அவர்களுக்கு லீவு போலிருக்கிறது. இறகு பிடுங்கிய கோழியைத் தீயில் காட்டி, மிச்சமிருந்த பூமுடியைப் பொசுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருகல் வாசனை பலகைச் சுவர் இடுக்கு வழியாக வந்து மூக்கில் ஏறியதும், ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருடமாகச் சொல்லாமல் வைத்திருப்பதை இன்றைக்காவது உனக்கு எழுதிவிட வேண்டும்.

நீயும் நானும் ஒரே வருடம் இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வாழ வந்தவர்கள். நடுவில் ஒரு வேலி. வேலி என்றால் என்ன, நாலு மூங்கிலும் அதன்மேல் படர்ந்த சௌசௌ கொடியும்தான். வேர் உன் பக்கம், காய் பாதி என் பக்கம். கோழிகளுக்கு அந்த வேலியும் கிடையாது. அதனால் காலில் துணி கட்டினோம். உன்னுடையவற்றுக்கு நீலம், என்னுடையவற்றுக்குச் சிவப்பு. இந்த மழையிலும் குளிரிலும் எதையும் காய வைக்க முடியாது என்று எல்லோரும் கைவிட்டபோது, நீ அடுப்புக்கு மேலே கம்பித் தட்டைத் தொங்கவிட்டு மோர்மிளகாய் காயவைத்தாய். கியா பார்ம் கடைகளில் ஒதுக்கிப் போடும் நசுங்கின தக்காளியை மூட்டையாக வாங்கி வந்து, ஒரு ஞாயிறு முழுக்க இருவரும் தொக்குக் கிண்டிப் போத்தலில் அடைப்போம். இஞ்சியை மணலிலும் முட்டையைச் சாம்பலிலும் புதைத்து வைப்பாய். "மண்ணு சரிஞ்சு ரோட்ட அடைச்சுக்கிச்சுன்னா எதத் திம்ப?" என்று கேட்பாய். இரண்டு தடவை அப்படி அடைத்தும் இருக்கிறது. அப்போது லயமே உன் வீட்டு வாசலில் நின்றது.

என் மகளுக்கு டெங்கி வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஈப்போவில் படித்துக்கொண்டிருந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் அவள் கூட்டாளிகள் எனக்குப் போன் செய்தார்கள். அவள் அப்பா போய்ச் சேர்ந்து அப்போது ஆறு வருடம். ஒற்றை ஆளாக ஓடினேன். பதினோரு நாள். ரத்தத்தில் ஏதோ அணு இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லச் சொல்ல நான் அங்கே அழுதுகொண்டிருந்தபோது, இங்கே என் கோழிகளுக்குத் தீனி வைத்ததும் என் பாத்திகளுக்குக் களை எடுத்ததும் நீதான்.

பிழைத்து வீட்டுக்கு வந்தாள், எலும்பும் தோலுமாக. கஞ்சிகூட இறங்கவில்லை. நாட்டுக்கோழி சூப் வைத்துக் கொடு, தெம்பு வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என்னிடம் இருந்தவை எல்லாம் முட்டையிடும் பெட்டைகள், ஒன்று அடையில் வேறு. உன்னிடம் அந்தச் செவலைச் சேவல் இருந்தது. நல்ல கொழுத்த சேவல், திமிர் பிடித்த சேவல். நான் விதைத்து முளைத்த கீரைப் பாத்தியை இரண்டு தடவை கிளறிப் போட்டிருந்தது. கம்பை எடுத்துக்கொண்டு போனபோது, "விடு புள்ள, அத வெரட்டாத" என்றாய். ஏன் என்று சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் சேவலுக்கு மட்டும் என்ன ராஜ மரியாதை என்று முனகிக்கொண்டே உள்ளே போனேன்.

மறுநாள் நீ தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போயிருந்தாய். சேவல் மறுபடியும் என் பாத்தியில் நின்றது. காலில் நீலத் துணி பளிச்சென்று தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. உன்னுடையது என்று தெரிந்தேதான் பிடித்தேன். கேட்டிருந்தால் வேறொன்றைப் பிடித்து என் மடியில் போட்டிருப்பாய், அதுவும் தெரியும். அன்றைக்கு எனக்குக் கேட்க மனசு வணங்கவில்லை. பதினோரு நாள் தூங்காத கோபத்தையெல்லாம் அந்தச் சேவலின் கழுத்தில் காட்டினேன்.

அறுத்து, கொதிநீரில் முக்கியெடுத்து, காலில் இருந்த துணியை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். நீலத் துணிக்கு அடியில் மஞ்சள் கயிறு. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலுக்குக் கட்டும் கயிறு. நேர்ந்துவிட்ட சேவல் யார் பாத்தியை மேய்ந்தாலும் அதை விரட்டக்கூடாது, கைவைக்கக் கூடாது. அது சாமி சொத்து. ஆனால் அறுத்த கழுத்தை ஒட்ட முடியுமா? துணியையும் கயிற்றையும் அடுப்பில் போட்டேன். இறகையெல்லாம் பாத்தியில் குழி தோண்டிப் புதைத்தேன். மிளகு தட்டிப் போட்டு சூப் வைத்தேன். என் மகள் இரண்டு கிண்ணம் குடித்தாள். நோயில் விழுந்த பிறகு அவள் வாய் திறந்து "இன்னுங் கொஞ்சம்" என்று கேட்டது அன்றுதான்.

சாயங்காலம் நீ தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு லயத்துக் கோடி வரைக்கும் தேடிப் போனாய். மறுநாளும் தேடினாய். மூசாங் தூக்கிக்கொண்டு போயிருக்கும்லா என்று நான்தான் சொன்னேன். ராத்திரியில் வந்து கோழி பிடிக்கும் அந்த மரநாய் மேல் எந்தப் பழியையும் போடலாம், வந்து கேட்கவா போகிறது? நீ வேலி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். "போச்சா" என்றாய்.

ஆடிப் பூசைக்கு ரிங்லெட்டில் ஆள் வைத்துச் சொல்லி, காய்கறி லோரியில் வேறொரு சேவலை வரவழைத்தாய். நானும் உன்னோடு கோயிலுக்கு வந்தேன். யார் பேருக்கு என்று பூசாரி கேட்டார். நீ என் மகளின் பெயரைச் சொன்னாய். நட்சத்திரத்தையும் சொன்னாய். பெற்றவள் எனக்கே அது சட்டென்று வாயில் வராது. பிறகு என் பக்கம் திரும்பி, "புள்ள பொழைச்சு வரணும்னு நேர்ந்துக்கிட்டேன்டி. செலுத்துறதுக்கு முன்ன வாயத் தொறக்கக்கூடாது, அதான் சொல்லல" என்றாய். என் மகள் உயிருக்காக முனிக்கு விட்ட சேவலை, நான் என் மகளுக்கே ஊட்டியிருக்கிறேன்.

பூசாரி சேவலின் தலையில் தண்ணீர் தெளித்தார். உடம்பைச் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சிலிர்க்கவில்லை. இரண்டாவது தடவை தெளித்தார். அப்போதும் சிலிர்க்கவில்லை. தப்பு அடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "மொதல்ல சொன்ன சேவல் எங்கன்னு கேக்குறாரு போல" என்றாய். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சுற்றிலும் லயத்து சனம் முழுக்க நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. நீ மண்ணில் விழுந்து, "மூசாங் கொண்டுபோனதுக்கு நான் என்னய்யா செய்வேன்? கொறை இருந்தா எம்மேல போட்டுக்க, புள்ள மேல போட்டுறாத" என்று வேண்டினாய்.

மூன்றாவது தண்ணீருக்குச் சேவல் சிலிர்த்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

மறு வருடம் உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அது பல வருடமாக வளர்ந்த கட்டி என்று டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். புத்திக்கு அது புரிகிறது. மனசு மட்டும், நீ உன்மேல் போட்டுக்கொள்ளச் சொன்னாயே, சொன்னாயே என்று இன்றைக்கும் அரித்துக்கொண்டிருக்கிறது. மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தேன், மூன்று தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான். முதல் தடவை உன் மகன் பக்கத்தில் இருந்தான். இரண்டாவது தடவை நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மூன்றாவது தடவை நாம் இருவர் மட்டும். ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். நீ எங்கே விட்டாய்? "மொதல்ல நான் சொல்றதக் கேளு, மறந்துருவேன்" என்றாய். இஞ்சியைத் தோண்டி மணலில் போட வேண்டும், அடையில் இருக்கும் கறுப்பிக்குக் குளிராமல் கூட்டின்மேல் சாக்குப் போட வேண்டும், தொக்குப் போத்தலில் பழையதை முதலில் எடுக்க வேண்டும். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு அசந்துவிட்டாய். நான் உன் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன். அடுத்த வாரம் நீ இல்லை.

உன் கோழிகள் இப்போது என்னிடம். கறுப்பியின் பேத்திகளுக்கும் நீலத் துணிதான் கட்டுகிறேன். போன ஆடியில் முனிக்கு முன்னால் நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். சாமியிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது, அவர் எதிர்த்துப் பேசுவதில்லை. போன மாதம் மகளிடமும் சொன்னேன். "பெரியம்மா கேட்டா சிரிச்சிருப்பாங்கம்மா, நீ வேற" என்றாள். என்னைத் தேற்றப் பார்க்கிறாள், பாவம். உன்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

நீ சிரித்திருக்க மாட்டாய். லயம் முழுக்கக் கேட்கும்படி என்னை நாறடித்திருப்பாய். திருட்டு நாயே என்றிருப்பாய். ஒரு மாதம், இரண்டு மாதம் என் முகத்தில் முழிக்காமல் போயிருப்பாய். என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் முனிக்கு முன்னால் நிறுத்தி, உன்மேல் போட்டுக்கொண்டதை என் தலையில் இறக்கியிருப்பாய். அதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது. அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லாமல் போனதால் நீ சுமந்துகொண்டு போனாய். இப்போது தினமும் விடிந்ததும் கூட்டைத் திறந்துவிட்டுச் சும்மா கொஞ்ச நேரம் நிற்கிறேன். யாரும் என்னைத் திட்டுவதில்லை.